வண்டிக்கு அடியில் வலப்பக்கம்

ஜூன் 4

அன்புள்ள நாத்தனாருக்கு,

அண்ணி எழுதுகிறேன். போனில் உன்னோடு பேசிப் பார்த்துத் தோற்றுவிட்டேன். போன தடவை நான் கேட்ட எல்லாவற்றுக்கும் நீ சொன்ன ஒரே பதில் "ம்". கடைசியில் அதுவும் நின்றுபோய், மாமா போனை வாங்கி, "அவ தலையாட்டுறாம்மா, உனக்குத்தான் தெரியல" என்றார். அதனால் இந்தக் காகிதம். காகிதத்தில் தலையாட்ட முடியாதல்லவா?

இங்கே எல்லாரும் நலம். உன் அண்ணனுக்குப் புது ஒர்க்ஷாப் பிடித்திருக்கிறது. ஆனால் வேலை முடிந்து திரும்பும் நேரத்துக்குப் பஸ் இல்லை. எண்ணெயும் அழுக்குமாக அவ்வளவு தூரம் நடந்தே வருகிறார். நான் வேலை செய்யும் ஸ்பேர் பார்ட்ஸ் கடையும் பக்கத்தில் இல்லை. அதனால் இந்த மாதக் கடைசியில் வந்து, அங்கே நிற்கிற நம் வண்டியை எடுத்துக்கொண்டு போகலாம் என்று முடிவு செய்திருக்கிறோம்.

நீண்ட தூரம் ஓட்டிக்கொண்டு வர வேண்டும். கியர் பாக்ஸில் பழைய எண்ணெயை வடித்துவிட்டுப் புது எண்ணெய் ஊற்றி வைத்தால் நல்லது. யாராவது மெக்கானிக்கைக் கூப்பிட்டுச் செய்ய வைத்துவிடு. அந்த மாடல் வண்டியின் எண்ணெய் ஓட்டைகளை மூடுகிற பிளக்குகளுக்கான செப்பு வாஷர்கள் எங்கள் கடையில் இருந்தன. கடிதத்தோடு வைத்திருக்கிறேன். பழைய வாஷரையே திரும்பப் போட்டால் கசியும்.

வேளாவேளைக்குச் சாப்பிடு. உன் அண்ணன் கூப்பிடுகிற அந்த நட்டுப் பெண்ணுக்கு என் முத்தம்.

அண்ணி


ஜூன் 9

அண்ணிக்கு,

கடிதம் கிடைத்தது. வாஷரும் கிடைத்தது.

எனக்கு எழுதவும் அவ்வளவாக வராது. ஒன்பதாம் வகுப்போடு நின்றுவிட்டேன். வகுப்பில் எழுந்து நின்று வாசி என்றால் தொண்டை அடைத்துக்கொள்ளும். எல்லாரும் திரும்பிப் பார்ப்பார்கள். அப்புறம் இன்னும் அடைக்கும். வீட்டில் சும்மா உட்கார்ந்திருந்த என்னை அண்ணன்தான், "சுவரையே பாத்துட்டு இருக்காதே, வா, டார்ச் பிடி" என்று தன் மெக்கானிக் ஷெட்டுக்குக் கூட்டிப்போனான். வண்டிக்கு அடியில் யாரும் திரும்பிப் பார்க்க மாட்டார்கள். அதனால் எனக்கு அங்கே பேச்சு வரும். அண்ணனே சொல்வான், "வாயை மூடுடி, ஸ்பேனர் விழுந்துடப் போகுது" என்று. உங்களிடம் அதைச் சொன்னானா என்று தெரியவில்லை.

நீங்கள் "யாராவது மெக்கானிக்" என்று எழுதியிருக்கிறீர்கள். அந்த வரியை இரண்டு முறை படித்தேன். அந்த வண்டி செங்கல் சூளைக்குப் பின்னால் கிடந்தபோது தரை ஓட்டை வழியாகக் கொடி ஏறியிருந்தது. ஷெட்டுக்குக் கொண்டுவரும்போது அண்ணன் ஸ்டியரிங்கைப் பிடித்துக்கொண்டான். பின்னால் தள்ளியது நான். அதில் நான் கழற்றாத நட்டு ஒன்று இருந்தால் அது அண்ணன் கழற்றியதாக இருக்கும். மூன்றாவது ஆள் கை அதில் பட்டதில்லை. எண்ணெயை நானே மாற்றுவேன்.

"நம் வண்டி" என்றும் எழுதியிருக்கிறீர்கள்.

உங்களிடம் ஒன்று கேட்க வேண்டும். கோபித்துக்கொள்ளக் கூடாது. நட்டு என்று என்னை அண்ணன் மட்டும்தான் கூப்பிடுவான். அப்பா கூடக் கூப்பிட மாட்டார். நீங்கள் வேறு எப்படி வேண்டுமானாலும் கூப்பிடுங்கள்.

அண்ணனை நீங்கள் "அவர்" என்று எழுதுவது எனக்கு வேறு யாரையோ பற்றிப் படிப்பது போல இருக்கிறது. அது உங்கள் தப்பு இல்லை. சும்மா சொன்னேன்.

வண்டியும் போய்விட்டால் அண்ணன் இங்கே வருவதற்கு ஒரு காரணமும் இருக்காது என்று அப்பாவிடம் சொன்னேன். அவர் தையல் மெஷினை நிறுத்திவிட்டு, "ஏன், நான் ஒருத்தன் இங்க குத்துக்கல்லாட்டம் உட்கார்ந்திருக்கேனே" என்றார். அவருக்கு எல்லாமே சிரிப்புத்தான்.

இப்படிக்கு,
உங்கள் நாத்தனார்


ஜூன் 13

நாத்தனாருக்கு,

சரி. இனி அந்தப் பெயர் என் வாயிலும் வராது, பேனாவிலும் வராது. போதுமா?

மெக்கானிக் என்று எழுதியது தப்புத்தான். கடையில் நாள் முழுக்க "உங்க மெக்கானிக்கை வரச் சொல்லுங்க, என்ன அளவுன்னு அவருக்குத்தான் தெரியும்" என்று சொல்லிச் சொல்லி நாக்கு அப்படியே பழகிவிட்டது. உன் கடிதத்தைப் படித்துவிட்டு உன் அண்ணன் ஒரு நாள் முழுக்க என்னை "யாராவது அண்ணி" என்றே கூப்பிட்டார். எங்கள் வீட்டில் உனக்கு ஆள் பலம் அதிகம்.

உன் அண்ணன் ஒன்று சொல்லச் சொன்னார். எண்ணெய் ஊற்றுகிற மேல் பிளக்கை முதலில் திற. அது திறந்த பிறகுதான் வடிக்கிற கீழ் பிளக்கைத் தொட வேண்டும். மேல் பிளக் பல வருடம் தொடாமல் துருப்பிடித்து ஒட்டியிருக்கும். கீழே எல்லாவற்றையும் வடித்துவிட்டு, மேலே திறக்க முடியாமல் போனால் வண்டி நின்ற இடத்திலேயே நிற்க வேண்டியதுதான். எண்ணெய் இல்லாமல் ஓட்டினால் உள்ளே பல் சக்கரமெல்லாம் பொடியாகிவிடும்.

உனக்கு இன்னொரு செய்தி. ஞாயிற்றுக்கிழமைகளில் உன் அண்ணன் வீட்டு வாசலில் பழுதுபார்க்கிற வண்டிகளுக்கு அடியில் நானும் போகத் தொடங்கியிருக்கிறேன். இத்தனை வருடம் கவுண்டருக்கு இந்தப் பக்கம் நின்று பெட்டி பெட்டியாக விற்றேனே, அந்தச் சாமான் எல்லாம் எங்கே போய் உட்காருகிறது என்று இப்போதுதான் பார்க்கிறேன். முகத்தில் எண்ணெய் சொட்டியபோது கத்திவிட்டேன். பக்கத்து வீட்டுக்காரர் ஓடிவந்துவிட்டார்.

உன் பதிலுக்குக் காத்திருக்கிறேன்.

அண்ணி


ஜூன் 18

அண்ணிக்கு,

இந்தக் கடிதத்தை அண்ணனிடம் காட்டக் கூடாது. காட்டுவதாக இருந்தால் இதற்கு மேல் படிக்க வேண்டாம்.

மேல் பிளக்கை முதலில் திறக்க வேண்டும் என்று எனக்குத் தெரியும். ஷெட்டில் வேலை கற்க வந்த எல்லாருக்கும் அண்ணன் முதலில் சொல்வது அதுதான். எனக்கும் சொல்லியிருக்கிறான். ஆனால் நீங்கள் எனக்கு அதை எழுதி, அதுவும் "அவர் சொல்லச் சொன்னார்" என்று எழுதி, அதற்குக் கீழேயே நீங்கள் அவனோடு வண்டிக்கு அடியில் படுப்பதையும் எழுதியிருந்தீர்கள். நான் கடிதத்தை மடித்து வைத்துவிட்டு நேரே ஷெட்டுக்குப் போனேன். ஜாக்கியில் தூக்கி, கட்டை கொடுத்து, உள்ளே போய்க் கீழ் பிளக்கில் கை வைத்தேன். உங்கள் கடிதம் சொன்ன மாதிரி செய்யக் கூடாது என்பதுதான் காரணம். வேறு எந்தக் காரணமும் இல்லை.

கீழ் பிளக் ஒரே இழுப்பில் வந்துவிட்டது. எண்ணெய் கறுப்பாக, பாகு மாதிரி, தட்டில் இறங்கியது. எனக்குச் சந்தோஷமாக இருந்தது. "பாரு" என்று சொன்னேன். யாரைப் பார்த்துச் சொன்னேன் என்று தெரியவில்லை.

மேல் பிளக் அசையவில்லை.

வயர் பிரஷ் போட்டேன். துரு இளக்குகிற எண்ணெய் அடித்துவிட்டு மறுநாள் வரை விட்டேன். ரிங் ஸ்பேனரில் இரும்புக் குழாயைச் செருகி, காலை எதிர்ப்பக்கம் ஊன்றிக்கொண்டு இழுத்தேன். ஒரு முறை லேசாகத் திரும்பியது போல இருந்தது. அதற்கப்புறம் முன்பைவிடக் கெட்டியாகிவிட்டது. நேற்று ஸ்பேனர் நழுவி என் கை கியர் பாக்ஸில் மோதியது. மூன்று விரல்களில் தோல் போய்விட்டது. பிளக்கைத் தடவிப் பார்த்தால் முனையெல்லாம் மழுங்கியிருக்கிறது. இனி எந்த ஸ்பேனரும் பிடிக்காது.

வண்டி இப்போது எங்கும் போகாது. மாதக் கடைசியில் நீங்கள் வந்தாலும் பஸ்ஸில்தான் திரும்ப வேண்டும்.

நீங்கள் நினைப்பது சரி, வண்டி இங்கேயே நிற்கட்டும் என்றுதான் எனக்கும் இருந்தது. முதல் நாள் எனக்கு அழுகை வரவில்லை. ஷெட்டில் உட்கார்ந்து வண்டியைப் பார்த்துக்கொண்டே இருந்தேன், அது என்னிடம் மாட்டிக்கொண்டது மாதிரி. மறுநாள்தான் அண்ணன் பஸ் இல்லாமல் நடந்து வருவது ஞாபகம் வந்தது. அவனுக்கு இடது முழங்காலில் வலி உண்டு. உங்களுக்குத் தெரியுமோ என்னவோ. அவன் சொல்ல மாட்டான். படியேறும்போது கைப்பிடியைப் பிடித்தால் வலிக்கிறது என்று அர்த்தம்.

உங்களிடம் உதவி கேட்க எனக்குப் பிடிக்கவில்லை. ஆனால் அண்ணனிடம் கேட்டால், கீழ் பிளக்கை ஏன் முதலில் திறந்தாய் என்று கேட்பான். அதற்கு நான் என்ன சொல்வேன்?

நாத்தனார்


ஜூன் 22

நாத்தனாருக்கு,

காட்டவில்லை. உன் கடிதம் என் கடைப் பையில், பில் புத்தகத்துக்கு அடியில் இருக்கிறது. "தங்கச்சி என்ன எழுதியிருக்கா?" என்று கேட்டார். "பொம்பளைங்க விஷயம்" என்றேன். மனுஷர் செருப்பை மாட்டிக்கொண்டு வெளியே போய்விட்டார்.

முழங்கால் வலி எனக்குத் தெரியாது. இங்கே மாடிப்படியில் அவர் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு ஏறுவதைத் தினமும் பார்க்கிறேன். ஏதோ பழக்கம் என்று நினைத்தேன். நீ அங்கிருந்துகொண்டு சொல்கிறாய், நான் பக்கத்தில் இருந்துகொண்டு பார்க்கிறேன். உன் கடிதத்திலேயே எனக்கு அதிகமாக எரிந்த இடம் அதுதான், விரல் தோல் இல்லை.

எரிந்தது என்றுதான் எழுதுகிறேன். நீ உண்மையாக எழுதியிருக்கிறாய், நானும் எழுதிவிடுகிறேன். ஞாயிற்றுக்கிழமை கதையை நான் பெருமையாக எழுதினேன் இல்லையா? அதில் பாதியைத்தான் எழுதினேன்.

உன் அண்ணன் வண்டிக்கு அடியில் போனால் எப்போதும் இடப்பக்கம்தான் படுப்பார். நடுவில் கூட வர மாட்டார். நான் வலப்பக்கமாக நுழைந்தேன். இடம் தாராளமாக இருந்தது. எனக்காகத்தான் ஒதுங்கிப் படுத்திருக்கிறார் என்று எனக்கு ஒரே குளிர்ச்சி. கொஞ்ச நேரம் கழித்து, திரும்பிப் பார்க்காமலே என் பக்கம் கையை நீட்டி, "நட்டு, பதினேழு குடு" என்றார். (மன்னித்துக்கொள், அவர் வாயில் வந்ததைத்தான் எழுதுகிறேன்.) நான் பதினேழாம் நம்பர் ஸ்பேனரைத் தேடி எடுத்துக் கையில் வைத்தேன். வாங்கிக்கொண்டார். யார் கொடுத்தது என்றே அவருக்குத் தெரியவில்லை. நான் வெளியே வந்து, உள்ளே போய், தேவையே இல்லாமல் ஒரு கூடை வெங்காயத்தை நறுக்கித் தள்ளினேன். "என்ன இவ்ளோ வெங்காயம்?" என்று கேட்டார். "உங்க தங்கச்சிக்கு அனுப்பத்தான்" என்றேன். அவருக்கு ஒன்றும் புரியவில்லை.

அடுத்த ஞாயிறும் அதே கதைதான். அந்த இடம் என்னுடையது இல்லை, கல்யாணத்துக்கு முன்னாலேயே ஒருத்தி அதில் படுத்துவிட்டுப் போயிருக்கிறாள். அவளுக்குக் கடிதம் எழுதி வாஷர் அனுப்பிக்கொண்டிருக்கிறேன். என் நிலைமையைப் பார்த்தாயா?

சரி, பிளக்குக்கு வருகிறேன். உன் கடிதத்தில் ஒரு வரி எனக்கு உறுத்தியது. "லேசாகத் திரும்பியது, அதற்கப்புறம் முன்பைவிடக் கெட்டியாகிவிட்டது." கடைக்கு இப்படி எத்தனையோ பேர் வருவார்கள், "மரை கெட்டுப்போச்சு, வேற பிளக் குடுங்க" என்று. பாதிப் பேர் கழற்றுவதாக நினைத்துக்கொண்டு இறுக்கியிருப்பார்கள். மல்லாந்து படுத்தால் கைக்குத் திசை குழம்பும்.

நீ எந்தப் பக்கம் படுத்துத் திருகினாய்? வலப்பக்கம்தானே? அந்த மாடலில் மேல் பிளக் கியர் பாக்ஸின் இடப்பக்கச் சுவரில் இருக்கிறது. கடையில் இருக்கும் உதிரிபாகப் படப் புத்தகத்தை எடுத்துப் பார்த்துவிட்டுத்தான் எழுதுகிறேன். நீ உன் இடத்தில் படுத்துக்கொண்டு, கியர் பெட்டிக்கு மேலே கையை விட்டு, பிளக்கின் முதுகுப் பக்கத்திலிருந்து திருகியிருக்கிறாய். அங்கிருந்து பார்த்தால் எல்லாமே தலைகீழ். அப்படியென்றால் இத்தனை நாளும் நீ அதை இறுக்கிக்கொண்டிருந்தாய்.

அந்தப் பக்கம் போய்ப் படு. அவர் இடத்தில்.

மழுங்கிய முனையைக் கவ்விப் பிடிக்க ஆறு முனை சாக்கெட் ஒன்று பார்சலில் வருகிறது. பிளக்கின் அளவைவிட ஒரு சுற்று சின்னது. சுத்தியால் அடித்து அதன் மேல் ஏற்று. நீ போட்ட பன்னிரண்டு முனை ரிங் ஸ்பேனரை அங்கே திரும்பக் கொண்டுபோகாதே. புதுப் பிளக்கும் வைத்திருக்கிறேன். இரண்டையும் என் பெயரில் எழுதி எடுத்தேன். அவருக்குத் தெரியாது.

அண்ணி


ஜூன் 28

அண்ணிக்கு,

பார்சல் வந்தது. அதைப் பிரிப்பதற்கு முன்னால் கடிதத்தைப் படித்தேன்.

அண்ணன் கையை நீட்டி என்னைக் கூப்பிட்ட இடத்தைத் திரும்பத் திரும்பப் படித்தேன். பொய் சொல்ல மாட்டேன். அப்பா, "என்னடி, காகிதத்தைத் தின்னுடுவ போலிருக்கு" என்றார். அன்று முழுக்க எனக்குச் சிரித்த முகம். சாயங்காலம் துணி மடித்துக்கொண்டிருந்தபோதுதான் வெங்காயம் நறுக்கிய இடம் நினைவுக்கு வந்தது. நீங்கள் ஸ்பேனரைத் தேடி எடுத்துக் கையில் வைத்தீர்கள் என்று எழுதியிருந்தீர்கள். நானாக இருந்தால் தராமல் இருந்திருப்பேன். அதற்கப்புறம் அந்த இடத்தைப் படிக்க முடியவில்லை.

பிளக்கைப் பற்றி எழுதுகிறேன்.

நீங்கள் சொன்னதுதான் சரி. நான் என் இடத்தில்தான் படுத்திருந்தேன். இடப்பக்கம் போக எனக்கு மனம் வரவில்லை. அண்ணன் போன பிறகு அந்தப் பக்கம் விரித்த சாக்கைக்கூட நான் நகர்த்தியதில்லை. இந்த முறை அதில் படுத்தேன். தலையை வைக்கிற இடத்தில் ஒரு குழி விழுந்திருக்கிறது, அது என் தலைக்குப் பெரியது. அங்கே படுத்தால் பிளக் முகத்துக்கு நேரே இருக்கிறது. வலப்பக்கத்திலிருந்து நான் அதைப் பார்த்ததே இல்லை, தடவித்தான் தெரியும். அதைச் சுற்றிப் பெயிண்ட் வெடித்திருந்த விதத்தைப் பார்த்ததுமே தெரிந்துவிட்டது, நான் இறுக்கித்தான் வைத்திருக்கிறேன். ரொம்ப நன்றாகவே இறுக்கியிருக்கிறேன். கழற்றுவதற்கு முன்னால் ஒரு இழை இறுக்கிப் பார்க்க வேண்டும் என்பார்கள், அந்த வேலை எனக்கு மிச்சம்.

துரு எண்ணெயை எல்லாம் துடைத்து எடுத்துவிட்டு, பிளக்கைச் சுற்றி மட்டும் ஊதுவிளக்குத் தீயால் சூடு காட்டினேன். பிளக்கில் படாமல் சுற்றியிருக்கிற பெட்டியில்தான் சூடு ஏற வேண்டும், அப்போதுதான் அது விரிந்து பிளக்கை விடும். அப்பா ஒரு வாளி மண்ணோடு பக்கத்தில் நின்றார். "தீ பிடிச்சா வண்டி மேல கொட்டவா, உன் மேல கொட்டவா?" என்று கேட்டுக்கொண்டே இருந்தார். எனக்குச் சிரிப்பு வந்து கை ஆடியது.

சாக்கெட்டை அடித்து ஏற்றினேன். குழாயைச் செருகினேன். எந்தப் பக்கம் என்று கையைக் காற்றில் ஒரு முறை சுற்றிப் பார்த்துக்கொண்டேன். ஒரு பக்கமாகவே தொங்காமல் விட்டு விட்டு, சுண்டிச் சுண்டி இழுத்தேன். கொஞ்ச நேரம் ஒன்றுமே ஆகவில்லை. அப்புறம் சுள்ளி ஒடிந்த மாதிரி ஒரு சத்தம். பெட்டிதான் வெடித்துவிட்டது என்று கண்ணை மூடிக்கொண்டேன். திறந்து பார்த்தபோது குழாய் கீழே இறங்கியிருந்தது. பிளக் கழன்றுவிட்டது, அண்ணி. கடைசி இரண்டு சுற்றைக் கையாலேயே திருகினேன், சூடாக இருந்தும்.

கீழ் பிளக்கை உங்கள் வாஷரோடு மூடினேன். மேல் ஓட்டையில் வழிகிற வரை எண்ணெய் ஊற்றி, உங்கள் புதுப் பிளக்கையும் இன்னொரு வாஷரையும் போட்டேன். ஷெட்டுக்கும் தெருவுக்கும் நடுவில் முன்னாலும் பின்னாலும் ஓட்டிப் பார்த்தேன். கியர் வெண்ணெய் மாதிரி விழுகிறது. கசிவு இல்லை. வண்டி தயார். வந்து எடுத்துக்கொள்ளுங்கள்.

எடுத்துக்கொள்ளுங்கள் என்று எழுதிவிட்டேனே தவிர, அந்த வரிக்குப் பிறகு பேனாவை வைத்துவிட்டு முகம் கழுவப் போனேன். எனக்குக் கோபம் தீரவில்லை. அது துரு மாதிரி, ஒரே நாளில் இளகாது. நீங்கள் அவனோடு தினமும் சாப்பிடுகிறீர்கள். நான் உங்கள் கையெழுத்தில் அவனைப் படிக்கிறேன். ஆனால் அந்தப் பிளக் எப்படித் திறந்தது என்பது உலகத்திலேயே இரண்டு பேருக்குத்தான் தெரியும், அதில் அண்ணன் இல்லை. இப்படி ஒன்று இதற்கு முன் நடந்ததில்லை. எனக்கு அது பிடித்திருக்கிறது. அவன் கேட்டால் சொல்லிவிடாதீர்கள். கெஞ்சினாலும் சொல்லாதீர்கள். அவனும் கொஞ்சம் வெங்காயம் நறுக்கட்டும்.

இன்னொரு விஷயம். பின் சக்கரங்களைச் சேர்க்கிற அச்சுப் பெட்டியிலும் எண்ணெய் மாற்ற வேண்டும். அதற்கும் மேலே ஒன்று, கீழே ஒன்று என்று இரண்டு பிளக். இரண்டும் துருப்பிடித்து ஒட்டியிருக்கின்றன. நேரம் இருந்தும் நான் தொடவில்லை. நீங்கள் வரும்போது செய்யலாம். சாக்கைத் துவைத்துக் காயப்போட்டிருக்கிறேன். நீங்கள் வலப்பக்கம் படுங்கள். நான் இடப்பக்கம் படுத்துக்கொள்கிறேன். முதலில் மேல் பிளக். அண்ணன் வெளியே நின்றுகொண்டு, நாம் கேட்கிற ஸ்பேனரை எடுத்துக் கொடுக்கட்டும்.

நட்டு